ப-வுக்கு மேல் போட்ட இரண்டு

பழைய இந்திப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பதில் ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது, ஐயா. அவர்களுக்கு நாலு ப, நமக்கு ஒன்றுதான். அதனால் எழுத்தின் தலையில் எண் போட வேண்டும். 'பல்' என்று எழுதி, ப-வின் மேல் ஒன்று போட்டால் நொடி. இரண்டு போட்டால் பழம்.

நான் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன். இந்தியும் தபால் வழியில் படித்ததுதான். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் நீள நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் இருக்கின்றன. பாடியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த இடத்தில் வயலின்கள் ஒதுங்கிக் குரலுக்கு வழிவிடுகின்றன, எல்லாம் மையில் எழுதியது. எண்களை மட்டும் பென்சிலில் போடுவது என் பழக்கம்.

என் மனைவிக்கு இந்தி தெரியாது. குரல் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு வானொலியில் பழைய பாட்டு வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் அர்த்தம் சொல்வேன். ஒரு பாடகி வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவது லேசாகக் கேட்கும். "பாவம், அழுகைய முழுங்குறாங்க" என்பாள் இவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அரை மணி நேரம்தான் எங்கள் குடித்தனம்.

போன வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒத்திகை தினமும் ஏழு மணிக்கு. நான் தடுக்கவில்லை, பாட்டுகளை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரு மாதம் தனியாக வானொலி கேட்டேன். ஒரு நாள் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் திரும்பி அர்த்தம் சொல்லி முடித்துவிட்டேன். வெறும் நாற்காலி.

மறுநாள் நோட்டில் ஒரு பாட்டின் 'பல்' மேல் இருந்த ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். அப்படியே சொல்லியும் கொடுத்தேன். அவள் ஒத்திகைக்குப் போனதும் இரண்டை அழித்து மறுபடி ஒன்று போட்டேன்.

பிரிந்துபோகிறவனிடம் 'இன்னும் ஒரு நொடி இரு' என்று கெஞ்சும் பாட்டு அது. தபேலாக்காரர் இந்தி தெரிந்தவர். வாசிப்பதை நிறுத்திவிட்டு, "என்னக்கா, போறவர்கிட்ட பழம் கேட்டு அழுறீங்க? ஒரு டஜன் வாங்கியாரட்டுமா?" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைத் திறந்தாள்.

"ஏங்க, ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"ஒண்ணுன்னுதான் சொன்னேன். உன் காதுல சரியா விழலையோ என்னமோ."

மறுநாள் அவள் ஒத்திகைக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மறுபடி போகத் தொடங்கினாள். எட்டு மாதத்தில் இப்படிப் பதினோரு முறை செய்தேன். அதற்கு மேல் இல்லை. நாலாவது முறைக்குப் பிறகு அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கடிகாரத்தைக் கேட்டுப்பார்க்கத் தொடங்கினாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்தாலும் என்னிடம் வந்து, "அடிச்சுதா?" என்று கேட்பாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காதும் போச்சுன்னா எனக்கு என்னங்க இருக்கு?" என்று அழுதாள். நான் இருக்கிறேன் என்றேன்.

குழுத் தலைவர் விடுகிறவராக இல்லை. "அக்கா, குரல் தங்கமா இருக்கு. காதை ஒரு தடவை காட்டிடுவோம்" என்று அவரே காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். அந்த டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். காதில் ஒரு குறையும் இல்லை என்பார். அதன் பிறகு அவள் பதினோரு முறையையும் ஒவ்வொன்றாக யோசித்துப்பார்ப்பாள். எழுதிவைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். முதல் வரியே வரவில்லை.

டாக்டரிடம் போகக் காலை ஒன்பதரைக்கு நடந்து புறப்பட்டோம். கேட் இல்லாத இடத்தில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். வளைவைக் கோடவுன் சுவர் மறைக்கும். அங்கே ரயிலைக் காதால்தான் பார்க்க வேண்டும். அவள் ஓரத்தில் நின்றாள்.

"ஏங்க, வண்டி வர்ற மாதிரி இருக்கே. உங்களுக்குக் கேக்குதா?"

எனக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"என் காது படுத்துற பாடு" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

தள்ளினாயா என்று கேட்டீர்கள். தொடக்கூட இல்லை. ஆனாலும் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன் காதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டும், அவள் என் வார்த்தையைத்தான் நம்பினாள். அந்த மாதிரி அன்னியோன்னியம் எத்தனை வீட்டில் இருக்கிறது, ஐயா.