கைக்கெட்டும் தூரத்தில் வால்வு

நான் சமைக்கப் பழகியதே இல்லை, இன்ஸ்பெக்டர். மனைவி அமலோற்பவம் தவறிப்போன பிறகு மகள் ஸ்டெஃபனிதான் எல்லாம் பார்த்தாள். கல்யாணமான பிறகும் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டிலேயே இருந்தாள். மருமகன் அட்ரியனை நான்தான் எங்கள் கப்பல் பட்டறையில் சேர்த்துவிட்டேன். நான் போர்மேன், அவன் கேஸ் வைத்து இரும்பு வெட்டுபவன். நல்ல பையன். அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "மாமா, வெளிநாட்டுல, பெர்த்துல வேலை கெடச்சிருச்சு. ரெண்டு பேரும் போறோம்."

"அப்ப நான்?"

"வருஷத்துக்கு ஒருக்கா வருவோம்ல. வீடியோ கால் இருக்கு லா."

ஸ்டெஃபனி தலை குனிந்து தட்டைப் பார்த்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்கினாள் என்று பிறகு சொன்னான் அட்ரியன். கட்டியவனுக்கு என்ன தெரியும், வளர்த்தவன் நான்.

பாதிரியாரிடம் பேசினேன். சம்பந்தியிடமும் பேசினேன். "புள்ளைங்க வாழட்டும், விடுங்க" என்றார்கள். வேறு யாரிடம் போவது, நீங்களே சொல்லுங்கள்.

இரும்பு வெட்டும் டார்ச்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஆக்சிஜனும் அசெட்டிலினும் கலந்து முனை வழியாக ஒரு வேகத்தில் வெளியே வரும். தீயோ அந்தக் கலவையை எரித்துக்கொண்டே உள்ளே போகப் பார்க்கும். அதற்கும் ஒரு வேகம் உண்டு. வாயு மிஞ்சினால் தீ முனையை விட்டு எழும்பி அணைந்துவிடும். இரண்டும் ஈடுகொடுத்தால் அசையாமல் நிற்கும். வாயு தளர்ந்தால் தீ உள்ளே புகுந்து, கண் இமைப்பதற்குள் ரப்பர் குழாய் வரை ஓடிவிடும். அதை மறிக்கத்தான் குழாயில் ஒரு பித்தளைத் தடுப்பு மாட்டியிருப்போம்.

அன்று காலை அட்ரியனின் குழாயிலிருந்து அதைக் கழற்றினேன். அழுத்தத்தையும் குறைத்து வைத்தேன். கையில் ஒரு சூடு பட்டால் போதும், பெர்த் வேலைக்கான மெடிக்கல் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

அட்ரியன் கப்பலின் அடித்தொட்டிக்குள் இருந்தான். நான் மேலே, சிலிண்டர்களின் பக்கத்தில்.

"மாமா, தீ படபடன்னு வெடிக்குது. நிறுத்தவா?" என்று கீழிருந்து கேட்டான்.

"ஒன்னும் இல்ல, நீ வெட்டு," என்றேன்.

குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. ஏறி வர ஒரே ஏணி. புகையில் யாராலும் இறங்க முடியவில்லை. "மாமா, கேஸ அடைங்க" என்று கத்தினான். பிறகு மாமா என்று மட்டும்.

கை உறைந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. வால்வில் கை வைத்தேன். ஒரு திருப்புதான். பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஸ்டெஃபனியின் நினைவு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

என் பைக்குள் கிடந்த தடுப்பை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான் என்கிறீர்கள். இருக்கலாம். துக்கத்தில் செய்திருப்பாள், அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். தனியாக இருக்கத் தெரியாத பெண்.

பெர்த்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாமே. எனக்கும் சேர்த்துத்தான் எடுத்திருப்பாள்.