பச்சைநூலுக்கு மட்டும் ஒரு விதி

— போன்ல அடுத்த கேள்வியைப் படி.

— "ஊசியோட தட்டையான பக்கம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்?" பாவம், புதுசாத் தைக்கக் கத்துக்கிறவர் போல.

— ஏற்கனவே கேட்டது. மூடு.

— ஒரு வரி பதில் சொல்லிட்டு மூடக் கூடாதா?

— விதின்னா விதிதான். தேடிப் பார்த்துட்டுத்தான் கேட்கணும். என் கையெல்லாம் மெஷின் எண்ணெய், இல்லேன்னா நானே மூடியிருப்பேன். அழுத்து.

— அழுத்தியாச்சு, மாடரேட்டர் ஐயா. தையல் சந்தேகம் கேட்கன்னு ஒரு தளம், சந்தேகம் கேட்டா மூடுறதுக்கு ஒரு ஆள்! என் மேசையில தைக்க வேண்டியது குவிஞ்சு கிடக்கு, நான் உங்க கோர்ட்டுக்கு குமாஸ்தா வேலை பார்க்கிறேன்.

— கிண்டல் போதும். அந்த ஸ்குரூ டிரைவரை இப்படித் தள்ளு... சின்னது. ம். அடுத்தது?

— ஒருத்தர் உங்க பதிலுக்குக் கீழே, "ரொம்ப நன்றி அண்ணே, மெஷின் ஓடுது"ன்னு போட்டிருக்கார்.

— நீக்கு. நன்றி சொல்ல அது இடம் இல்லை.

— மெஷின் ஓடுதேங்கிற சந்தோஷத்துல சொல்றாருங்க!

— சந்தோஷத்தை அவர் வீட்ல சொல்லட்டும். அடுத்தது.

— "கீழ்நூல் கொத்துக் கொத்தா சுருளுது, என்ன செய்ய?" கேட்டது... பச்சைநூல்.

— ...அதை விடு.

— ஏன் விடணும்? மெஷின் வாங்கின அத்தனை பேரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி இது. மூடவா?

— விடுன்னு சொன்னேன்ல.

— கீழே உங்க பதில்... அடேயப்பா! விரலை வச்சுத் தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு நீங்க அனுப்புறது "சரி", "வரேன்", "பால் வாங்கு". அவ்வளவுதான்.

— அது... நூல் டென்ஷனை எப்படி வைக்கணும்னு விவரமாச் சொல்லணும்ல.

— சொல்லுங்க, சொல்லுங்க. "நன்றி." "மறுபடியும் நன்றி." "உங்க வீட்ல எல்லாரும் சுகமா?" கூடவே ஒரு பூ! நன்றி சொல்ல அது இடம் இல்லைன்னீங்க. நலம் விசாரிக்க மட்டும் இடமா?

— கண்ல படலை.

— கண்ல படலையா! "எல்லாரும் சுகம்"னு நீங்களே பதில் போட்டிருக்கீங்க!

— ஏய், ஒரு திருகாணி விழுந்திருச்சு... உன் காலடியில பாரு.

— பேச்சை மாத்தாதீங்க. யாரு அது?

— யாரோ ஒரு அம்மா.

— அம்மாவா? பேர் பச்சைநூல். படத்துல ஒரு நூல்கண்டு. பொம்பளைன்னு எப்படித் தெரிஞ்சுது?

— எழுதுற விதத்துலயே தெரியும்.

— ஓஹோ. அப்ப இது மேல இத்தனை புகார் வந்திருக்கே, அதெல்லாம் யாரு போட்டது? அதையும் சொல்லுங்க பார்ப்போம்.

— எல்லாம் ஒரே ஆள்தான். ஒத்தைஊசின்னு ஒரு சண்டைக்காரி. பச்சைநூல் ஏதாவது எழுதினா போதும், உடனே புகார். பொறாமை பிடிச்சது.

— ...சண்டைக்காரின்னு சொல்லாதீங்க.

— உனக்கென்ன வந்துச்சு?

— புகார் சொன்னா சண்டைக்காரி, பூப் போட்டா அம்மா. நல்லா இருக்கு உங்க நியாயம்!

— நேத்து அதுவே ஒரு கேள்வி கேட்டுச்சு. கோட்டுல வெளியில தெரியாம பை வைக்கிறது எப்படின்னு. கண்ல பட்டதும் மூடினேன்.

— ஏன்?

— பை தைக்கிறதைப் பத்தி ஏற்கனவே ஏகப்பட்ட கேள்வி இருக்கு.

— இந்தப் பையைப் பத்தி இல்லை.

— உனக்கெப்படித் தெரியும்?

— ...வரிசையில இருக்கு. "என் கேள்வியை ஏன் மூடினீங்க"ன்னு கேட்டிருக்கு. திறந்து விட்டா என்ன?

— வேண்டாம். விதின்னா...

— விதின்னா விதிதான்! பச்சைநூல் வந்தா மட்டும் அந்த விதிக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கும். யாருங்க அவ? எனக்கு வயிறு எரியுது. நிஜமாவே எரியுது.

— கத்தாதே, பக்கத்துக் கடைக்குக் கேட்கும்.

— கேட்கட்டும்.

— சரி... சொன்னா அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வச்சுடணும்.

— வச்சாச்சு. சொல்லுங்க.

— உன் அக்கா. அவங்க பேரை இந்தக் கடையில எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. கோட்டு தைக்கக் குடுக்க வந்தவர், "உங்க அக்கா வைப்பாங்களே, அந்த மறைவுப் பைதான் வேணும்"னார். உனக்கு மூக்குக்கு மேல கோபம். "வா, சொல்லித் தரேன்"னு அவங்க கூப்பிட்டதுக்கு, "உன்கிட்ட கத்துக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரலை"ன்னே. அதோட தனிக்கடை பார்த்துக்கிட்டுப் போனவங்க, இப்போ கீழ்நூல் சாக்குல உன்னை விசாரிக்கிறாங்க. அதை நான் எப்படி மூடுவேன்?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அவதான்னு. கேள்வியோட தைச்ச துணியையும் படம் எடுத்துப் போட்டிருக்காளே. தையல் முடியுற இடத்துல நூலை வெட்டி விடாம, உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கா. அவளை விட்டா யாருக்கு அந்தப் பொறுமை? அவ மெஷின்ல கனவுலகூட கீழ்நூல் சுருளாதுங்க.

— அடிப்பாவி! அப்புறம் ஏன் "யாரு, யாரு"ன்னு என்னைப் போட்டு வறுத்தே? எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு.

— நீங்களாச் சொல்றீங்களான்னு பார்த்தேன். ஆனா, எரியுதுன்னது பொய் இல்லை.

— இன்னும் அக்கா மேலயா?

— உங்க மேல. கூடப் பிறந்தவ நான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை... உங்களுக்குப் பூ!

— அட, இது என்ன கூத்து! அந்தப் பூவும் உனக்குத்தானே. சரி, நீயா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்க பேச மாட்டேன்னா சொல்லியிருப்பாங்க?

— கேட்டேனே! நேரா கேட்க நாக்கு எழலை, எரிச்சல்ல புகார் போட்ட அதே ஒத்தைஊசியாப் போய்க் கேட்டேன். அந்தப் பை அவ ஒருத்தி கைக்குத்தான் வரும், கேட்கிறது யாருன்னு அவளுக்கு உடனே புரிஞ்சிருக்கும். "பச்சைநூல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்"னு கீழே காட்டிக்கிட்டே இருந்துச்சு... நான் அடுப்பைக்கூட அணைக்காம அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பதான் நீங்க மூடினீங்க.