ஓங்கிய கை

— பொய்யா? நான் எதுக்கு டாக்டரம்மா பொய் சொல்லப்போறேன்? இஸ்திரிப் பெட்டி மேல இவளாத்தான் கையை வச்சிருக்கா. வச்சுக்கிட்டே டிவி பார்த்திருக்கா. கருகின வாடை வந்துதான் நான் ஓடிவந்தேன்.

— உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. புள்ள கத்தலையான்னுதான் கேட்டேன்.

— ஒரு முனகல் இல்ல. நெஞ்சழுத்தக்காரி! பொறந்ததுலேருந்தே இப்படித்தான். நாக்கைக் கடிச்சு ரத்தம் கொட்டும், வாயைத் துடைச்சுட்டு விளையாடப் போயிருவா.

— அடிச்சா?

— அது... எந்த வீட்டுல இல்ல? முந்தியெல்லாம் அடிச்சா கல்லு மாதிரி நிப்பா. எனக்கு வெறி ஏறும், இன்னும் ரெண்டு போடுவேன். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க? இப்ப வழிக்கு வந்துட்டா. ஒரு அடிக்கே ஊரைக் கூட்டிருவா.

— அப்படியா? குட்டி, கண்ணை மூடிக்கோ. வலிச்சா சொல்லணும், சரியா?

— சரி டாக்டர்.

— வலிக்குதா?

— ம்ஹூம். ஏதோ தொடறீங்க.

— ஐயோ டாக்டரம்மா, ஊசி! ரத்தம் வருது!

— பொட்டு ரத்தம்தான், இருங்க. குட்டி, கண்ணைத் திற. இப்ப என் கையைப் பாரு.

— ஆ! வலிக்குது! அம்மா, இனிமே பண்ணமாட்டேன்!

— பார்த்தீங்களா? இந்தத் தடவை நான் தொடவே இல்ல. கையைத் தூக்கினேன், அவ்வளவுதான்.

— என்னடி இது? நடிக்கிறியா?

— அவளைத் திட்டாதீங்க. நமக்குக் கை சுட்டா நரம்பு வழியா சேதி போகும். வலி தெரியறதுக்கு முன்னாடியே கை தானா விலகிடும். இவளுக்கு அந்தச் சேதி கிளம்பறதே இல்ல. பிறவியிலேயே அப்படி. தொட்டா தெரியும், சூடும் வலியும் தெரியாது.

— அப்ப... கல்லு மாதிரி நின்னாளே, அது திமிர் இல்லியா? ஐயோ, அழலை அழலைன்னு போட்டு அடிச்சேனே பாவி! இந்தக் கையைப் பார்க்கவே கூசுது டாக்டரம்மா.

— குட்டி, வலிக்கலைன்னா எதுக்குடா கத்தினே?

— அண்ணன்தான் சொல்லிக்குடுத்தான். அம்மா கை ஓங்கினதும் கத்தணுமாம். கத்தினா சீக்கிரம் விட்டுருவாங்களாம்.

— கடவுளே...

— அம்மா, உன் மேல யாரும் கை ஓங்கலையே. நீ எதுக்கு அழறே?