சென்னப்பன் வீட்டில் கேட்ட குரல்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் வீரமணி ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் ஜானகியம்மாள் அவர்களே, மண்டபத்தில் இடமில்லாமல் வாசலில் நிற்கும் காரிமங்கலத்து மக்களே, அரூரிலிருந்தும் தீர்த்தமலைப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் வீட்டுக்காரர்களே! ஆம், வீட்டுக்காரர்களே என்றுதான் உங்களை அழைக்கிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். உங்கள் பாயில் படுத்திருக்கிறேன். உங்கள் அனைவருக்கும் முனிராஜின் வணக்கம்.

சாமைக்கதிர் இசைக்குழுவின் நிறுவனர், நம் ஊர்ப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியை, எங்கள் அக்கா நிர்மலாதேவி இன்று நம்மோடு இல்லை. அவர் பாட, இருபத்திரண்டு ஆண்டுகள் நான் டோலக் வாசித்தேன். இன்று அவர் இல்லாமல் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்கா எங்கே இறந்தார்? சொந்த வீட்டிலா? மருத்துவமனையிலா? இல்லை! அதியமான்கோட்டையில் ஜானகியம்மாள் வீட்டில், இசைப் பயணத்தின் இரண்டாம் நாள், மதியம் கேழ்வரகுக் களி சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் சாயறேன்" என்று சொல்லிப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. ஜானகியம்மாளுக்கு அக்காவைத் தெரிந்து அப்போது ஒன்றரை நாள்தான். அக்கம்பக்கத்தார், "வெளியூர் ஆளு, சட்டுனு வண்டியில ஏத்தி அனுப்பிடுங்க" என்றார்கள். இந்த அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எங்க வூட்டுல சாப்புட்டுப் படுத்தவங்க. எங்க வூட்டு ஆளுதான். குளிப்பாட்டி, வெளக்கு வெச்சப்புறந்தான் எடுக்கணும்" என்றார். தாயே! அதற்கு இந்தச் சபை உங்களுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் குழு ஒரு நாள்கூட லாட்ஜில் தங்கியதில்லை. அது அக்கா போட்ட சட்டம். ஓர் ஊருக்குப் போனால் மூன்று நாள். ஏழு பேருக்கும் ஏழு வீடு. அவர்கள் தின்பதைத் தின்ன வேண்டும், அவர்கள் படுக்கிற இடத்தில் படுக்க வேண்டும். குழுவில் சேர்ந்த புதிதில் நான் முணுமுணுத்தேன். அக்கா சொன்னார்: "ரூம் போட்டுத் தங்கிட்டு வந்து பாடினா, பாட்டு மேடையோட நின்னுரும் முனிராஜ். சாப்புட்ட எடத்துலதான் ஜனங்க வாயத் தொறப்பாங்க."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். புது வீட்டில் நுழைந்ததும் பையைக் கீழே வைக்க மாட்டார். கதவை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். என்னக்கா என்றால், "இரு, கேட்டுக்கறேன்" என்பார். எதைக் கேட்கிறார்? எனக்குத் தெரியாது. பல வீடுகளில் புன்னகையோடு பையை வைப்பார். சில வீடுகளில் முகம் மாறும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வீடு. அந்த அம்மா தினமும் நாலு மணிக்கு இரண்டு டம்ளர் காபி போடுவார். ஒன்று தனக்கு. இன்னொன்று, எட்டு ஆண்டுகளுக்கு முன் எதிரே சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டு இறந்த கணவருக்கு. அதை அக்காவிடம் நீட்டி, "இன்னைக்கு லேட் ஆவும் போல, நீங்க குடிங்க" என்றார். அக்கா அதை வாங்கவில்லை. "இருக்கட்டும்மா, வருவாரு" என்று சொல்லி, காபி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். ஏன் தெரியுமா? அந்த நேரத்தில் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

இப்படிச் சொல்ல இன்னும் எத்தனையோ உண்டு. ஆனால் இன்று ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்காரப் போகிறேன். அந்த வீட்டு அம்மா குள்ளம்மாளும் அவர் மகள் யுவராணியும் இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டேன். "எல்லாத்தயும் சொல்லுங்கண்ணா, ஒண்ணும் மறைக்க வேணாம்" என்றது யுவராணி. அதனால் சொல்கிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், மே மாதம். தீர்த்தமலை அடிவாரத்தில் ஓர் ஊர். சின்ன வயதுக் கல்யாணம் கூடாது என்று பாட்டுக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவுக்குச் சென்னப்பன் வீட்டை ஒதுக்கியிருந்தார்கள். வீட்டில் சென்னப்பனும் குள்ளம்மாளும் மட்டும்தான் என்றார்கள். மரியாதையான மனிதர்கள். சாமைச் சோறு, புளிச்ச கீரைக் குழம்பு என்று தட்டு நிறையப் போட்டார்கள். நான் அடுத்த தெருவில் தங்கியிருந்தேன். மதியம் பயிற்சிக்கு டோலக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போவேன்.

முதல் நாள் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "இந்த வூட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேருக்கா."

"பொழக்கடையில மூணு தட்டு கழுவிக் கவுத்திருக்கு. நான் இன்னும் சாப்புடவே இல்ல."

யாராவது வந்து போயிருப்பார்கள் என்றேன். கூடத்தில் உட்கார்ந்தோம். வெயில் உச்சியில் நின்றது. தெருவில் நாய்கூட இல்லை. சாப்பிட்ட கையோடு சென்னப்பன் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த வெயிலில் காட்டில் என்ன வேலை? அப்போது நான் அதை யோசிக்கவில்லை. அக்கா எடுத்தார்:

மல்லிமொட்டு மொதநாளே பூக்குமா – அம்மா
மணி அடிச்சா பள்ளிக்கூடம் காக்குமா

பாடி நிறுத்தினார். "கேட்டியா?"

"என்னக்கா?"

"கூடவே யாரோ பாடினாங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி பாடினார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை என் கையைப் பிடித்து டோலக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பாடினார். கேட்டது! ஐயா, கேட்டது! மெல்லிய பெண் குரல். அரைத் தாளம் பின்தங்கி, வீட்டுக்குள்ளிருந்து. அக்கா நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. எங்கள் பாட்டில் இல்லாத ஒரு வரியைப் பாடியது:

மொதல்ல போன பொண்ணு மொகம் நெனவிருக்குமா

அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. எங்களில் யாரும் எழுதவில்லை. உள்ளே வேகமாகப் பாத்திரம் உருட்டும் சத்தம் எழுந்தது. குள்ளம்மாள் வெளியே வந்தார். "உள்ள யாரும்மா பாடறது?" என்று அக்கா கேட்டார். "யாருமில்லீங்க, டீச்சரம்மா. காத்து" என்றார். அன்று வேப்பிலைகூட அசையவில்லை.

சாயங்காலம் சென்னப்பன் வந்ததும் அக்கா அவரிடமும் கேட்டார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. பழைய வூடு, சத்தம் வரும்" என்றார்.

அந்த வீட்டின் பின்கட்டில் தானியம் போட்டு வைக்கிற ஓர் அறை உண்டு. அதில் புதுப் பூட்டு தொங்கியது. மறுநாள் மதியம் அக்கா அதைப் பார்த்தார். குரல் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. நான் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் கோழைத்தனத்தை இந்தச் சபையில் ஒளிக்காமல் சொல்கிறேன். "நாம விருந்தாளிங்கக்கா. அவங்க சோத்தத் தின்னுட்டு அவங்க பூட்டுல கை வெச்சா நாளைக்கு எந்த வூட்டுலயும் நம்மள ஏத்த மாட்டாங்க" என்றேன்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "சோறு போட்டது அந்தம்மா. அந்தம்மா நேத்துல இருந்து என் மொகத்தப் பாக்க மாட்டேங்குது. நான் யாருக்கு விருந்தாளி முனிராஜ்?"

அந்த அறை வாசலில் தரையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். ஒருமுறை, இருமுறை, எத்தனை முறையென்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல், நாங்கள் எழுதாத அந்தக் கடைசி வரியை எடுத்துக் கொடுத்தது. ஆறாவதோ ஏழாவதோ முறை, குள்ளம்மாள் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து அக்காவின் வாயைப் பொத்தினார். "போதும் டீச்சரம்மா! அது பாஞ்சாலி கொரலு. மூணு வருசமா மதியமானா கேக்குது. நான் பைத்தியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்களுக்கும் கேக்குதா? நெசமா கேக்குதா?"

பாஞ்சாலி அவர்களுடைய மூத்த மகள். பதினைந்து வயதில் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

குள்ளம்மாள் மடியிலிருந்து சாவியை எடுத்தார். அதை அக்காவின் கையில் வைத்தார். அக்காதான் திறந்தார். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண் பிள்ளை. யுவராணி. பதினைந்து வயது. மூன்று நாளில் தீர்த்தமலையில் வைத்துக் கல்யாணம். மாட்டேன் என்றதால், பாட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்வரை உள்ளே வைத்திருந்தார்கள்.

அக்கா அந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "நல்லா பாடினே கண்ணு" என்றார்.

யுவராணி அக்காவை ஒரு மாதிரி பார்த்தது. "நான் பாடலைங்க. எனக்குப் பாட்டே வராது. என் பக்கத்துலயே கேட்டுச்சு. நீங்கதான் பாடறீங்கன்னு நெனச்சேன்."

சபையோரே! அந்தச் சொல்லைக் கேட்டு நான் நின்ற இடத்தில் இன்றும் நிற்கிறேன். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. வேறு வாசலும் கிடையாது.

சென்னப்பன் வந்தார். அக்கா ஓடவில்லை, ஒளியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அவர் வருமுன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அக்கா அவர் எதிரிலேயே போனை எடுத்தார். "அண்ணா, உங்க வூட்டுல சாப்புட்டவ நான். உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன். ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டுக்கு, கொழந்தைங்க உதவி நம்பருக்குப் பேசப் போறேன். நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே பேசறேன்" என்றார். சென்னப்பன் கையை ஓங்கினார். அக்கா நகரவில்லை. குள்ளம்மாள் குறுக்கே வந்து விழுந்தார். அடி அவருக்குப் பட்டது. அந்தி சாய்வதற்குள் அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது.

குள்ளம்மாள் மகளோடு அரூருக்கு வந்துவிட்டார். யுவராணி படித்தது. இன்று அரூரில் தையல் கடை நடத்துகிறது. நாலு பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது. சென்னப்பன் அந்த வீட்டில் தனியாகத் தங்கிவிட்டார். பதினான்கு ஆண்டுகளாகக் குடும்பத்துக்குள் பேச்சில்லை.

நான் பயந்ததும் நடந்தது. அந்த ஒரு வருடம் மலையடிவாரத்தில் எந்த வீடும் எங்களை ஏற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் பாடிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினோம். அக்கா வருத்தப்பட்டாரா? பட்டார். ஒருநாள் பஸ்ஸில் அழுதார். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. அந்தப் புது வரியைப் பாட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதைப் பாடிய இடங்களில் எல்லாம், கூட்டத்தில் யாராவது ஒரு தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போவார். மறுநாள் அந்தத் தாய் வீட்டிலிருந்து எங்களைத் தங்கச் சொல்லி ஆள் வரும். அப்படித்தான் கதவுகள் மீண்டும் திறந்தன.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது.

நான் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தின் கேட்டுக்கு வெளியே பழைய டிவிஎஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் சென்னப்பன். தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முனிராஜு, அன்னைக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொன்னனே, பொய்யி. உங்களுக்கெல்லாம் முந்தியே எனக்குக் கேட்டுச்சு. அதுக்குப் பயந்துதான் மதியத்துல வூடு தங்க மாட்டேன்."

கையை விடாமல் அவரே தொடர்ந்தார்.

"சின்னவள வெளிய உட்ட அன்னைக்கே நின்னு போச்சு. பதினாலு வருசமா சத்தமே இல்ல. போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாக்கெழம மதியம், திரும்பக் கேட்டுச்சு. தெனமும் கேக்குது."

செவ்வாய்க்கிழமை மதியம்! அக்கா படுத்து எழாத நேரம்! "அவங்க போன சேதி உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மறாநாளு பேப்பர்ல பாத்துத்தான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இப்ப ஒரு கொரலு இல்ல முனிராஜு. ரெண்டு கொரலு. ஒண்ணு எம்பொண்ணு. இன்னொண்ணு..."

சொல்லி முடிக்கவில்லை. "எல்லாரும் எங்க வூட்டுல வந்து தங்குங்க. என்னால தனியா கேக்க முடியல" என்றார்.

நண்பர்களே, நான் சாமியாடி அல்ல. டோலக் வாசிக்கிறவன். அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அக்கா பாதியில் விட்டுப்போன பயணத்தை நாங்கள் தொடரப் போகிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம், தீர்த்தமலை அடிவாரத்தில், சென்னப்பன் வீட்டில் பையை இறக்குகிறோம். எனக்குப் பயமில்லையா? இருக்கிறது. நேற்றுவரை போக மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். போவேன். அழைத்தது ஒரு வீடு. அழைத்த வீட்டுக்கு மறுத்துப் பேசும் பழக்கத்தை நிர்மலாதேவி எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. இனி எந்த வீடு கூப்பிட்டாலும், அதில் என்ன கேட்டாலும், சாமைக்கதிர் இசைக்குழு போகும். அக்காவுக்கு இந்தச் சபையின் முன் நான் கொடுக்கும் வாக்கு இது.

சென்னப்பன் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். இங்கிருந்தே தெரிகிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் குள்ளம்மாள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இப்போதுதான் யுவராணி காலி செய்து வைத்தது.

சென்னப்பண்ணா, உள்ளே வாங்க.