முடிந்தது, எடுத்துக்கொள்ளலாம்

நம் ஊருக்கு லினக்ஸ் வந்த கதையை உங்கள் லினக்ஸ் பயனர் குழுவின் மலருக்காக எழுதித் தரச் சொன்னீர்கள். என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. அது தொண்ணூற்றேழா, தொண்ணூற்றெட்டா என்பதே தெளிவாக இல்லை. லினக்ஸ் இருந்த அந்தக் குறுந்தகடு ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்ததா, பெங்களூரிலிருந்து நண்பர் யாராவது அனுப்பினாரா என்று யோசித்தால் இரண்டுமே நடந்ததுபோல் இருக்கிறது. மற்றவற்றை இயன்றவரை சரியாகச் சொல்கிறேன்.

அப்போது பீளமேட்டில் ஒரு கல்லூரியின் கணினி அறைக்கு நான் பொறுப்பாளன். கணினிகளை இயக்க விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் போட்டேன். அதில் படம் தெரியும் திரையை வரவழைக்கவே பல நாள் ஆனது. மானிட்டரின் அளவுகளைத் தவறாகக் கொடுத்தால் அது எரிந்துபோகலாம் என்று குறிப்பில் இருந்தது. பயந்துகொண்டேதான் கொடுத்தேன். சவுண்ட் கார்டு கடைசிவரை வேலை செய்யவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சத்தமில்லாத அறைதான் எனக்குப் பிடிக்கும்.

லினக்ஸ் ஏன் பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். பிழை வந்தால் என்ன பிழை என்று அது சொல்லும். உள்ளே நடப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எதையும் மறைக்காத ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விண்டோஸைக் காசு கொடுக்காமல் நகலெடுத்து ஓட்டுவது திருட்டு என்பதும் என் எண்ணம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்து ஒருவன், "சார், இதுக்கு உசுரு இருக்குதுங்களா, இல்ல கரண்டு மட்டுந்தானுங்களா?" என்று கேட்டான். அறை முழுக்கச் சிரித்தது. துறைத் தலைவர் மயில்சாமி நல்ல மனிதர். "தம்பி, பசங்களுக்கு வேலை கிடைக்கோணும். ஊரே ஓட்டற வண்டிய நாமளும் ஓட்டிப்போட்டுப் போலாம். விண்டோஸையே போட்டுருங்க," என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். மாணவர்கள் ஒவ்வொருவராகத் தனியார் கணினி சென்டர்களுக்குப் போய்விட்டார்கள்.

தங்கியது மெர்சி மட்டும்.

அவள் விலங்கியல் துறையின் ஆய்வு மாணவி. அமராவதி அணை மீன்களின் செவுளில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். பெருந்துறைப் பக்கம் ஊர். அம்மா பழனியாத்தாள் தோட்டங்களில் களை எடுக்கிறவர். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி அவளுக்காக ஆசிரியர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது. ஆய்வேட்டைக் குறித்த தேதிக்குள் கொடுத்துவிட்டால் அந்த இடம் அவளுடையது. தேதியை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்திருந்தார்கள். இன்னொரு முறை நீட்டிக்க மாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மதியத்தில் வருவாள். ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து தட்டச்சு செய்வாள். பக்கத்து மேசையில் நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். மணிக்கணக்கில் இருவரும் பேசமாட்டோம். பேசாமல் ஒருவரோடு அவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பது எனக்குப் புதிது. அவளுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் இருந்த பழைய பிரிண்டரின் எழுத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காது. லேசர் பிரிண்ட் வேண்டும். அதற்குப் பிளாப்பி என்ற சிறு தகட்டில் நகலெடுத்துக்கொண்டு அப்துல் குத்தூஸின் டி.டி.பி. கடைக்குப் போக வேண்டும். கடை எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. அங்கே விண்டோஸ்தான். அங்கே திறக்கும்படி அத்தியாயங்களை மாற்றிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மலரைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாப்பிக்கு நகலெடுக்கச் சொன்னால் லினக்ஸ் உடனே ஆயிற்று என்றுவிடும். ஆனால் கோப்பைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாகத்தான் எழுதும். பிளாப்பியை விடுவிக்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த தவறு இது.

மெர்சியும் செய்தாள். நான் சொல்ல மறந்திருந்தேன். அந்த முதல் தடவை உண்மையாகவே மறதிதான். மறுநாள் வந்து, பாய் கடையில் ஒன்றுமே வரவில்லை என்றாள். மறுபடி உட்கார்ந்தோம். வந்ததே வந்தோம் என்று முதல் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்கினாள். மதியம் முழுவதும் போனது. நல்ல மதியம்.

அவளுக்காக ஒரு சிறு கட்டளை எழுதினேன். 'கொடு' என்று அதற்குப் பெயர். அதைத் தட்டினால் கோப்புகள் பிளாப்பிக்குப் போகும். பிறகு திரையில், ஆங்கில எழுத்தில் தமிழாக, 'முடிந்தது, எடுத்துக்கொள்ளலாம்' என்று வரும். தமிழைப் பார்த்ததும் சிரித்தாள். விடுவிக்கும் வரியை அதில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

பிளாப்பி மறுபடியும் வெறுமையாகத் திரும்பியது. பிளாப்பியைச் செருகும் இடத்தில் எரியும் விளக்கு அணையும்வரை காத்திருந்து எடுக்கும்படி குத்தூஸ் பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் காத்திருந்தாள். எழுதுவதை லினக்ஸ் தள்ளிப்போடும் நேரத்தை நான் கூட்டி வைத்தேன். அவள் இன்னும் நேரம் காத்திருக்கத் தொடங்கியபோது கட்டளையையே மாற்றினேன். கடைசி வடிவம் எளிமையானது. கோப்புகளின் பெயர்களை மட்டும் எழுதும். எங்கள் அறையில் பட்டியல் போட்டுப் பார்த்தால் எல்லாப் பெயர்களும் ஒழுங்காகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டளையை நான் ஒளித்து வைக்கவில்லை. கணினியில் அவளுடைய கோப்புகள் இருந்த பகுதியிலேயே இருந்தது. திறந்தால் யாரும் படிக்கலாம், மொத்தமே சில வரிகள். அவள் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

தேதி நெருங்கியபோது அவள் இளைத்துப்போனாள். பேச்சும் இன்னும் குறைந்தது. ஒரு மதியம் விசைப்பலகையின் மேல் கைகளை வைத்தபடி எதையும் தட்டாமல் நெடுநேரம் இருந்தாள். நானும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

கடைசித் தேதிக்கு முந்தைய மதியம் குத்தூஸ் பாய் அவளோடு நேரே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். தினமும் வெறும் டிபன் பாக்ஸையே குடுத்து அனுப்பறீங்களே சார் என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார்.

"நானு பெருசா படிச்சவனில்லீங்க சார். மத்த காலேஜு பசங்களும் இந்த லினக்ஸுல இருந்து கொண்டாறாங்க. எல்லாம் தொறக்குதுங்க. இந்த அம்மணியோடது மட்டும் ஏனுங்க தொறக்க மாட்டேங்குது?"

விண்டோஸின் குறை அது என்று விளக்கினேன். நீளமாகவே விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்சிதான் குறுக்கிட்டாள். "சாரைச் சொல்லாதீங்க பாய். இத்தன நாளா எனக்காகத்தான் அவரும் மல்லுக்கட்டிட்டு இருக்காருங்க."

குத்தூஸ் பாய் அவள் பக்கம் திரும்பினார். காலையில் ஆட்டோ கொண்டு வருவதாகவும், இந்தக் கணினிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் போகலாம் என்றும், மாலைக்குள் பிரிண்ட் எடுத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அந்த அறையில் அதுவரை அதை நான் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு மயில்சாமி சாரின் அறைக்குப் போனேன். நீங்கள் சொன்னதுதான் சரி, இன்றே மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் மகிழ்ந்து எனக்குக் காப்பி வரவழைத்தார். ஜன்னலோரக் கணினியில் தொடங்கினேன். விண்டோஸ் கணினிக்குள் இருக்கும் வட்டு முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், முன்பு இருந்தது எதையும் விடாது. அது ஊரறிந்த குணம். மேலதிகாரியின் உத்தரவுக்கு ஓர் ஊழியன் வேறு என்ன செய்ய முடியும்.

காலையில் இருவரும் வந்தார்கள். திரையில் விண்டோஸின் நீல வானமும் மேகங்களும் இருந்தன. "என்னோடது எங்கீங்க சார்?" என்று கேட்டாள். துறைத் தலைவரின் உத்தரவு, நேற்று மாலையே செய்ய வேண்டியதாகிவிட்டது, வட்டு அழிந்துவிட்டது என்றேன். குத்தூஸ் பாய் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆட்டோ திரும்பிப்போகும் சத்தம் கேட்டது.

அவள் அழவில்லை. தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எங்களுக்குள் இருந்த மௌனங்களில் அதுதான் நீளமானது. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுதும் போயிருச்சுங்களே சார். எத்தன ஆசையா வெச்சிருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

கையெழுத்துத் தாள்களிலிருந்து மறுபடி தட்டச்சு செய்யலாம் என்று சொன்னேன். சில நாள் வந்தாள். தேதி கடந்துபோயிருந்தது. உடுமலைப்பேட்டை இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு மதியம் சொன்னாள். அதன் பிறகு வரவில்லை.

மலரில் இதை எப்படிப் போடுவீர்கள் என்று தெரியவில்லை. தேவையில்லாததை வெட்டிக்கொள்ளலாம்.

மயில்சாமி சார் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது நிறுவனங்களே லினக்ஸ் கேட்பதால் அறையில் மறுபடி லினக்ஸ்தான் ஓடுகிறது, அதற்காக எனக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். குத்தூஸ் பாய் கடையை உக்கடத்துக்கு மாற்றிக்கொண்டார். வழியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பழனியாத்தாள் இறந்துவிட்டார். மெர்சி பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். திருமணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆய்வேடு என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் போடுவதற்கு முன் அன்று மாலை முழுவதையும் நகலெடுத்து வைத்தேன். விடுவித்துத்தான் எடுத்தேன், ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. சில மதியங்களில் திறந்து படிப்பேன். நல்ல ஆய்வு. அவள் கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். இதுவரை அவள் கேட்கவில்லை.