உலைத் தூசி மூட்டை

— யாரக் கேட்டு அந்த மூட்டைய அவுத்த, அம்சாக்கா?

— யாரக் கேக்கணும்? என் வீட்டு ஸ்டோர்ல கெடந்திச்சு, அவுத்தேன். வந்ததும் வராததுமா கத்தாத குகா. தேத்தண்ணி ஆறுது, குடி மொதல்ல.

— குடிச்சிட்டுத்தான இருக்கேன்! போன மாசம் ரெண்டு மூட்டைய வச்சிட்டு என்னா சொல்லிட்டுப் போனேன்?

— தொடாதன்ன. ஏன் தொடக்கூடாதுன்னு சொன்னியா? சிங்க் சிங்க்னு ஏதோ மொணகிட்டு கார்ல ஏறிட்ட. கல்யாணம் ஆனதுலேர்ந்து தேயிலைக்கு மருந்தடிக்கிறவடா நான். எல சிறுத்து வந்தா சிங்க் கலந்து அடின்னுதான் கங்காணி சொல்வாரு. உர மூட்டையில வெள்ளையா மாவு மாதிரி கெடந்தா வேற என்னான்னு நெனப்பேன்? மேட்டுப் பக்கம் எங்க நெரையில அடிச்சிட்டேன்.

— பூராத்தையுமா?

— அரவாசிய மழ அடிச்சிட்டுப் போயிருச்சு. அதான் மிச்சத்தையும் அடிச்சிட்டேன்.

— அலாமா! இன்னிக்கி உங்க எஸ்டேட் துரைகிட்ட அதக் காட்டத்தான்க்கா ஈப்போலேர்ந்து லீவு போட்டு ஏறி வந்துருக்கேன். அவரு வாங்குறேன்னா இந்த மலைக்கே என்னைய சேல்ஸுக்குப் போடுறேன்னு பாஸ் சொல்லிட்டாரு. ஃபேக்டரி உலைப் பொகையில வெந்து சாவுறது முடியுமேன்னு பாத்தேன். இப்ப வெறுங்கையோட போயி என்னத்தக் காட்டுவேன்? உன் மூஞ்சியவா?

— காட்டேன், அழகாத்தான இருக்கு. டேய், துரையே நேத்து மேட்டுல வந்து நின்னாருடா. இந்த நெர மட்டும் எப்படி இவ்ளோ தளதளன்னு இருக்குன்னு கேட்டாரு. என் தம்பி ஃபேக்டரி சரக்குன்னேன். வரச் சொல்லுன்னாரு. இரு, பாப்பா அழுவுறா, பால் மாவக் கரைச்சு போத்தலக் குடுத்துட்டு வரேன்... ம், இப்பக் கத்து.

— நெசமாவா? துரையே கேட்டாரா?

— பின்ன? இதுக்குத்தான் அந்தக் குதி குதிச்சியா லா?

— வெள்ளையப் பத்தி ஒண்ணுமில்லக்கா, அது சுத்தம் பண்ணுனது. என் பயமெல்லாம் இன்னொரு மூட்டைய நெனச்சுத்தான். பழைய இரும்ப உலையில உருக்குனா, மேல பூசியிருக்குற சிங்க், அதான் துத்தநாகம், பொகையோட கெளம்பித் தூசியாப் படியும். அதக் கரியோட கலந்து சூளையில சுட்டா, சிங்க் மறுபடி பொகையா வரும். அதப் புடிச்சுக் கழுவுனாத்தான் நீ அடிச்ச வெள்ள மாவு. சுடாத தூசியில ஈயம் கெடக்கு. வயித்துக்குள்ள போச்சு, சின்னப் புள்ளைங்களுக்கு மூளையே கெட்டுரும். முகமூடி இல்லாம நாங்களே கிட்டப் போவ மாட்டோம்.

— அப்படிப்பட்டத எதுக்குடா புள்ள இருக்குற வீட்டுல கொண்டாந்து வச்ச?

— இந்தக் குப்பையிலேர்ந்துதான் இந்த வெள்ளை வருதுன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டலாம்னுதான். புத்தி கெட்டுப் போச்சு, விடு. அதயாச்சும் எடுத்துக் குடு. பழுப்புத் தூசி. சிமெண்டு மூட்டையில கட்டி வச்சேனே.

— சிமெண்டு மூட்டையா?

— ஆமா. வேற காலி மூட்ட கெடைக்கல. ஸ்டோர்ல காணோமே, எங்க வச்ச?

— அது... சிமெண்டு இல்லியா?

— தூசிக்கா, தூசி! எத்தன தடவ சொல்றது?

— நம்ம லைன் வீடுங்களுக்குக் குடிக்கிற தண்ணித் தொட்டி உள்ள வெடிச்சுக் கெடந்திச்சு. வாங்கி வச்ச சிமெண்டு பத்தலன்னு, உன் மாமா அதையும் சேத்துக் கொழச்சுப் பூசுனாரு. நீ வச்சிட்டுப் போன அந்த வாரமே. என்னா சிமெண்டோ, காயவே மாட்டேங்குதுன்னு உன்னத் திட்டிக்கிட்டேதான் பூசுனாரு... என்னடா, டம்ளர அப்படியே வச்சிட்ட?

— அக்கா... பாப்பா கையில இருக்குற போத்தல வாங்கு. ஓடிப் போயி வாங்குக்கா.