இருசம்மாளின் நாக்கு

கடுகை வெந்நீர் விட்டு அரைத்தால் காரம் செத்துப்போகும், மச்சான். பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்து, கிண்ணத்தை மூடிக் கால் மணி நேரம் சும்மா விட வேண்டும். அதற்குப் பிறகுதான் காரம் எழும்பும். அப்புறம் கெட்டித் தயிரில் கலந்து, வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால், வாயில் வைத்ததும் ஒன்றும் தெரியாது. விழுங்கும்போது மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிடும். இந்தப் பச்சடிக்காகத்தான் பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் வரைக்கும் என்னைக் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் தங்கையை நான் கட்டிக்கொண்ட அன்றைக்கும் மாலையோடு போய்ப் பச்சடியைக் கலந்து வைத்துவிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வீர்கள்.

என் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. இலை போடுவதற்கு முன்னால் கல்யாண வீட்டுப் பெரியவர் உள்ளங்கையில் ஒரு கரண்டிப் பச்சடி வைப்பேன். அவர் கண் கலங்க வேண்டும். கலங்கினால் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், இலை போடுவோம். "பிச்சைமுத்து நாக்குன்னா நாக்குதான்யா" என்று யாராவது சொல்வார்கள். நான் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

அந்த நாக்கு என்னுடையது இல்லை. பெரியவர் கைக்குப் போவதற்கு முன்னால் கொல்லைப்பக்கத்தில் உங்கள் தங்கை இருசம்மாள் விரல் நுனியில் தொட்டு வாயில் வைப்பாள். உப்பு, புளிப்பு, இன்னும் இரண்டு நிமிடம் ஊற வேண்டுமா என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் சொல் தப்பியதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன மாசியில் வேப்பந்தட்டைப் பக்கம் செல்லமுத்து என்பவர் களத்தில் கடுகு வாங்கினேன். பருத்திக் காட்டு ஓரத்தில் விதைத்த கடுகு. மூட்டையின் வாயிலிருந்து நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இந்த வருசம் இதுக்கு மேல ஒரு கடுகு கிடையாது" என்று களத்தில் இருந்தவர்கள் காதுபடச் சொன்னேன். அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. மேலாகப் பார்ப்பது என் வேலை, அடி வரைக்கும் பார்ப்பது அவள் வேலை என்று பழகிவிட்டது. அந்தத் தடவை என்னவோ அவளுக்குக் காட்டாமலே பரணில் ஏற்றிவிட்டேன்.

சித்திரையில் உடையார்பாளையத்தில் முந்திரிக்கொல்லை அரங்கநாதன் வீட்டுக் கல்யாணம். அங்கேதான் மூட்டையைப் பிரித்தேன். பச்சடி கலந்து, காரம் எழும்பி, எல்லாம் தயார். இருசம்மாள் தொட்டு வாயில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"ஏங்க, இதப் போடாதீங்க. கசக்குது. கடுகோட பிரமதண்டு வெத கலந்து கெடக்கு."

பிரமதண்டு உங்களுக்குத் தெரியும். ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து, இலையெல்லாம் முள்ளாக நிற்குமே, அது. அதன் விதை கடுகைப் போலவே கறுப்பாக இருக்கும், வயிற்றுக்குள் போகக் கூடாது. அவள் மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தாம்பாளத்தில் போட்டு விரலால் தள்ளிக் காட்டினாள். வழவழப்பாக உருண்டு ஓடியது கடுகு. சொரசொரப்பாக நின்றது மற்றது. அரங்கநாதனும் அவர் வீட்டுப் பெண்களும் குனிந்து பார்த்தார்கள்.

"அப்ப இத்தன வருசமா எங்க கண்ணுல தண்ணி வரவச்சது இந்தம்மாதானா?" என்றார் அரங்கநாதன். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பச்சடியைக் குழி தோண்டிக் கொட்டினோம். அன்றைக்கு என் பந்தியில் இலையின் ஓரம் வெறுமையாக இருந்தது.

அவள் செய்தது சரி. எனக்கு அப்போதே தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது, "கோவமாங்க? நாலு பேரு வயித்துக்குள்ள போறதாச்சே" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். என் கோபம் எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேப்பந்தட்டை பஸ் ஏறினேன். திருப்பிக் கொடுத்தால் செல்லமுத்து களத்திலும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. பாதியிலேயே இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, அதே கடுகை வேறு சாக்கில் மாற்றி, வேறு கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாற்றி வாங்கி வந்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். அவள் சாக்கைப் பிரிக்கப் போனாள். இனிமேல் கடுகு அரைப்பது நான்தான், நீ தொட வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் அம்மியில் குனிந்தவளுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் பச்சடி கலந்து கொடுத்தேன். "இன்னும் கசக்குதுங்க" என்றாள்.

"கடுக மாத்தியாச்சு. அன்னைக்குத் தாம்பாளத்துல நின்னதுகூட சொத்தக் கடுகுதானாம், செல்லமுத்து சொன்னாரு. ஒன் நாக்குதான் அன்னைலேருந்து சரியில்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை. அதனால் பக்கத்து வீட்டுச் சின்னம்மாளைக் கூப்பிட்டு அவள் கையில் ஒரு கரண்டி வைத்தேன். சின்னம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பவும்போல நல்லாத்தானக்கா இருக்கு. கசப்பெல்லாம் ஒண்ணும் தெரியலயே" என்றாள். இருசம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த பயத்தை நான் பார்த்தேன், மச்சான். கண்ணே தெரியாமல் போய்விட்டது என்று கேட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

போன ருசியைக் காரத்தாலேயே திரும்பக் கொண்டுவரலாம், காலையும் மாலையும் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் நாக்குத் தெளிந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். மருந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள். கசப்பில் முகம் சுருங்கும், ஆனாலும் கிண்ணத்தை வழித்துவிடுவாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவள் வாயால் ஒரு தடவை வர வேண்டும். அதோடு மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இருபதாம் நாள் சொன்னாள். "எனக்கு அப்பவே நாக்கு கெட்டுப்போயிருக்கும்போல. அரங்கநாதன் வூட்டுல ஒங்களத் தலகுனிய வச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

நான் கேட்க நினைத்தது அதுதான். ஆனால் அவள் அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்குச் சொன்னது நாற்பது பேர் நடுவில். மறுநாள் காலையிலும் கடுகு அரைத்தேன்.

அதற்குள் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மெட்டியைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினோம். நடையால் வந்த வீக்கம் என்றாள், நானும் ஆமாம் என்றேன். உட்கார்ந்து எழுந்தால் மூச்சு வாங்கியது.

வைகாசியில் வாலிகண்டபுரத்தில் ஒரு காதுகுத்து. அந்தக் காலோடு வந்தாள். அரங்கநாதன் வீட்டுப் பெண்கள் சிலரும் அங்கே வந்திருந்தார்கள். ஒருத்தி, "நீங்க மொதல்ல பாருங்கம்மா, அப்பறந்தான் நாங்க சாப்பிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே பச்சடியை நீட்டினாள். இருசம்மாள் தொடவில்லை. "என் நாக்கு கெட்டுப்போச்சுங்க. அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன், அது வெறும் சொத்தக் கடுகுதானாம். அவரையே கேளுங்க, அவரு சொன்னாச் சரியா இருக்கும்" என்றாள். அந்தப் பேச்சு அரங்கநாதன் காதுக்கும் போயிருக்கும். அன்றைக்குப் பந்திக்கு அரைத்தது கடையில் வாங்கிய நல்ல கடுகு. ஊர் சாப்பிடுவதில் நான் கெடுதல் செய்கிறவன் இல்லை. பெரியவர் கண் கலங்கியது, எல்லோரும் சிரித்தார்கள், நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிரவு அவளால் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுல எண்ணெ, கடுகுன்னு புதுசா ஏதாவது சேத்தீங்களா? சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்" என்று கேட்டார். உண்மை வாய்வரை வந்துவிட்டது, மச்சான். அவள் கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுசா ஒண்ணும் இல்லங்க சார்" என்றேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டது.

அந்த மூன்று நாளில் எந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்கலாம். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் நீங்கள் அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஒரு ஓரத்தில் கடுகுப் பச்சடி வைத்து, "பாவம், கடைசியில அவளுக்கு நாக்கே போயிடுச்சு" என்று அழுதீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்று உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இந்தக் காகிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவள் நாக்குப் போகவில்லை. கடைசிக் கிண்ணம் வரைக்கும் அவள் சொன்னதுதான் சரி. அடுப்படியில் மேல் தட்டில், சீயக்காய்ப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. அதில் நல்ல கடுகு வைத்திருந்தேன். சின்னம்மாள் கையில் வைத்த பச்சடி அதில் அரைத்தது. குழம்புக்கும் ரசத்துக்கும் நான் தாளித்ததும் அதிலிருந்துதான், ஏனென்றால் அதை நானும் சாப்பிட வேண்டும். அந்த மூட்டைக் கடுகில் ஒரு மணிகூட சித்திரைக்குப் பிறகு என் வாயில் பட்டதில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

மூட்டை கொல்லையில் இருக்கிறது, பாதிக்கு மேல் மிச்சம். டப்பாவையும் எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நீங்களே கூட்டிப் போனாலும் சரி, இந்தக் காகிதத்தை மட்டும் கொடுத்தாலும் சரி, நான் எங்கேயும் போக மாட்டேன். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் பட வேண்டியதுதான். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், மச்சான். உடையார்பாளையத்தில் மட்டும், அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி என்று அரங்கநாதனுக்குத் தெரிய வேண்டாம்.